டிரான்சியன்ட் சிமுலேஷன் நடுவழியில் நின்றால்: டிகேட் பழகுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காலத்தோடு மாறாத நிலைக்கான டிசி தீர்வு சிக்கலில்லாமல் கிடைத்துவிட்டது. காலத்தோடு மாறும் நிலைக்கான கணக்கை, அதாவது டிரான்சியன்ட்டை, ஓட விட்டீர்கள். சில நானோநொடிகள் வரை ஒழுங்காகப் போன கணக்கு, திடீரென்று காலப் படியை (ஒரு தடவையில் முன்னேறும் நேரத்தை) பாதியாக்குகிறது, மறுபடி பாதியாக்குகிறது. இப்படியே சுருங்கிச் சுருங்கி, குறைந்தபட்சப் படியை எட்டிவிட்டதாக ஒரு செய்தியைப் போட்டுவிட்டு நின்றுவிடுகிறது. குறைகடத்திச் சாதனங்களை டிகேட் (TCAD) மென்பொருளில் மாதிரியாக்கப் பழகுகிற எவரும் சீக்கிரமே பார்க்கிற காட்சி இது.

அந்த நேரத்தில் கை தானாகப் போகும் இடங்கள் மூன்று: பிழை வரம்பைத் தளர்த்துவது, ஊகத்தைத் திருத்தித் திருத்தி விடைக்கு நெருங்கும் நியூட்டன் சுழற்சிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது, மேட்ரிக்ஸைத் தீர்க்கும் சால்வரை மாற்றுவது. மூன்றையும் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். கணக்கு நின்ற நேரமும் கோளாறு நுழைந்த நேரமும் பெரும்பாலும் வேறு வேறு. எந்தச் சமன்பாடு, எந்தப் புள்ளியில், எப்போதிலிருந்து முரண்டு பிடிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. அதனால் ஒரே ஒரு சாதனத்தை எடுத்துக்கொள்வோம்: 1200 வோல்ட் வகை சிலிக்கான் பி-ஐ-என் பவர் டயோடு. நடுவில் 120 மைக்ரோமீட்டர் தடிமனில், 10¹⁴ செமீ⁻³ அளவு டோப்பிங் (வேண்டுமென்றே சேர்த்த மாசணுக்கள்) கொண்ட, மின்னழுத்தத்தைத் தாங்கும் டிரிஃப்ட் பகுதி. பரப்பு 1 சதுர செமீ. முன்னோக்கி 100 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று பின்னோக்கி 800 வோல்ட் கொடுக்கிறோம். உள்ளே தேங்கிய மின்னூட்டம் வெளியேறும்வரை டயோடு அடைபடாது. பின்னோக்கி ஒரு பெரிய மின்னோட்டம் பாய்ந்து, உச்சம் தொட்டு, பிறகு அடங்கும். ரிவர்ஸ் ரெக்கவரி என்கிறோமே, அதுதான். டிரான்சியன்ட் கணக்கில் வரக்கூடிய அத்தனை தொல்லைகளும் இந்த ஒரு சாதனத்திலேயே வந்துவிடும்.

கணினி உண்மையில் என்ன தீர்க்கிறது

வான் ரூஸ்ப்ரோக் 1950-இல் எழுதிய அதே மூன்று சமன்பாடுகள்தான்: மின்னழுத்தத்துக்குப் பாய்சான் சமன்பாடு, எலக்ட்ரானுக்கு ஒரு தொடர்ச்சிச் சமன்பாடு, துளைக்கு ஒன்று. கடைசி இரண்டில் மட்டுமே காலத்தைச் சார்ந்த உறுப்பு உண்டு, பாய்சானில் கிடையாது. இதை மனதில் வையுங்கள், பின்னால் உதவும்.

நமது டயோடில் ஊர்திகளின் (மின்னூட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்கள், துளைகள்) ஆயுட்காலம் 1 மைக்ரோநொடி என்று வைத்தால், 100 ஆம்பியர் ஓடும்போது டிரிஃப்ட் பகுதியில் சராசரியாக 5×10¹⁶ செமீ⁻³ அடர்த்தியில் எலக்ட்ரான்களும் துளைகளும் நிறைந்திருக்கும். அந்த அடர்த்தியில் மின்புலத்தில் ஏற்படும் ஒரு சிறு குலைவு சமனாக எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறக்குறைய 0.1 பிக்கோநொடி. ஆக, மிக வேகமான நிகழ்வுக்கும் மிக மெதுவான நிகழ்வுக்கும் இடையே ஒரு கோடி மடங்கு வித்தியாசம். இப்படி வேகங்கள் பெரிதும் வேறுபடும் ஸ்டிஃப் சமன்பாடுகளை, அடுத்த கணத்தின் மதிப்பையே தெரியாததாக வைத்துத் தீர்க்கும் இம்ப்ளிசிட் முறையில்தான் தீர்க்க முடியும். அதாவது ஒவ்வொரு காலப் படியிலும் ஒரு முழு நியூட்டன் கணக்கு நடக்கிறது, அது குவிய (ஒரே விடையில் வந்து நிற்க) வேண்டும். டிரான்சியன்ட் ஒன்றில் இப்படி நூற்றுக்கணக்கான கணக்குகள். ஏதாவது ஒன்று குவியாவிட்டாலும் வண்டி நிற்கும்.

  

முதலில் லாக் கோப்பு

ஒவ்வொரு நியூட்டன் சுழற்சியிலும் எஞ்சிய பிழை எவ்வளவு என்று லாக்கில் வரும். சமன்பாடு வாரியாகவும், அதிகப் பிழை உள்ள புள்ளியின் ஆயத்தொலைவுகளோடும் அச்சிடச் சொல்லும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கிறது. முதல் வேலையாக அதைப் போட்டுவிடுங்கள்.

ஆரோக்கியமான நியூட்டன் கணக்கில் பிழை 10, 0.5, 10⁻³, 10⁻⁷ என்று போகப் போக வேகமாக விழும். அப்படி விழாதபோது அது விழுகிற விதமே துப்பு கொடுக்கும். முதல் சுழற்சியிலேயே பிழை எகிறினால், தொடக்க ஊகம் மோசம் அல்லது அந்தப் படியில் எல்லை நிபந்தனை தாவியிருக்கிறது. பிழை இரண்டு மதிப்புகளுக்கு இடையே மாறி மாறி ஊசலாடினால், ஏதோ ஒரு இயற்பியல் மாதிரியின் வகைக்கெழு ஓரிடத்தில் உடைகிறது, அல்லது அது ஜேக்கோபியனில் (நியூட்டன் முறை பயன்படுத்தும் வகைக்கெழு மேட்ரிக்ஸில்) சேர்க்கப்படவே இல்லை. நன்றாக இறங்கிவந்து வரம்புக்குச் சற்று மேலே ஒரு தளத்தில் தேங்கிவிட்டால், அது எண் துல்லியத்தின் எல்லை. ஒவ்வொரு சுழற்சியிலும் பிழை சீராக, ஆனால் ஆமை வேகத்தில் இறங்குகிறதென்றால், சமன்பாடுகளை ஒன்றாகத் தீர்க்காமல் தனித்தனியாகத் தீர்க்கும் கம்மல் முறையில் ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். 1964-இல் வந்த அந்த முறை தொடக்கத் தீர்வுக்கு அருமையானது. ஆனால் 5×10¹⁶ அடர்த்தியில் எலக்ட்ரான்–துளைப் பிளாஸ்மா நிறைந்த டயோடுக்கு மூன்று சமன்பாடுகளையும் சேர்த்தே தீர்க்க வேண்டும்.

புள்ளியின் ஆயத்தொலைவை எடுத்து, கணக்கு நிற்பதற்குச் சற்று முன் சேமித்த தீர்வில் அந்த இடத்தைத் திறந்து பாருங்கள். அடர்த்தி எதிர்மறையாக இருக்கிறதா? மின்புலம் ஒரே ஒரு மெஷ் (சாதனத்தைக் கூறுபோடும் வலை) புள்ளியில் மட்டும் கூர்மையாக நிற்கிறதா? இதைப் பார்க்காமல் அளவுருக்களை மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்குச் சில சமயம் ஓடிவிடும், ஆனால் ஏன் ஓடியது என்று தெரியாது.

படி சுருங்கியும் ஏன் தேறவில்லை?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்கப்போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

காலப் படியைச் சுருக்கினால் இரண்டு நன்மைகள். தொடர்ச்சிச் சமன்பாடுகளில் காலப் படியால் வகுக்கப்படும் உறுப்பு பெரிதாகி ஜேக்கோபியனின் மூலைவிட்டத்தைப் பலப்படுத்துகிறது. அதோடு, அடுத்த தீர்வு முந்தைய தீர்வுக்குப் பக்கத்திலேயே இருக்கும், ஆகவே ஊகமும் சரியாக அமையும். எனவே ஒழுங்கான ஒரு கணக்கு, போதுமான அளவு சிறிய படியில் குவிந்தே தீர வேண்டும். படியை 10⁻¹⁵ நொடிவரை குறைத்தும் குவியவில்லையென்றால், சிக்கல் காலப் படியில் இல்லை. குறைந்தபட்சப் படியை 10⁻²⁰ ஆக்கி மறுபடி ஓட விடுவது வீண்.

வீண் மட்டுமல்ல, கெடுதலும்கூட. நியூட்டன் கணக்கு மின்னழுத்தத்தில் 0.1 மைக்ரோவோல்ட் பிழையை விட்டுவைக்கிறது என்று கொள்ளுங்கள். அதை 10⁻¹⁶ நொடியால் வகுத்தால் நொடிக்கு 10⁹ வோல்ட். சாதனத்தின் மின்தேக்குதிறன் 100 பிக்கோஃபாரட் என்றால், வெறும் எண் இரைச்சலிலிருந்து 0.1 ஆம்பியர் இடப்பெயர்ச்சி மின்னோட்டம் முளைத்துவிடும்! வெளிச்சுற்று அந்த இரைச்சலை உண்மையென்று நம்பி எதிர்வினை காட்டும். நமது டயோடுக்குக் குறைந்தபட்சப் படி 10⁻¹⁵ நொடி தாராளமாகப் போதும்.

சிறிய படியிலும் தேறவில்லையென்றால் சந்தேகிக்க வேண்டியவை: காலத்தைச் சாராத பகுதி (பாய்சான், வெளிச்சுற்றின் சமன்பாடுகள்), தொடக்க நிலை, மெஷ், மாதிரிகள். இதே வரிசையில் போகலாம்.

தொடக்க நிலையும் வெளிச்சுற்றும்

புதியவர்களின் கணக்குகளில் அதிகம் தென்படும் கோளாறு எண் கணிதத்தைச் சேர்ந்ததே அல்ல, பரப்புக் காரணி. இருபரிமாணக் கணக்கில் மூன்றாவது பரிமாணத்தை 1 மைக்ரோமீட்டர் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். நீங்கள் வரைந்தது 10 மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஒரு துண்டு. அதன் பரப்பு 10⁻⁷ சதுர செமீ. வெளிச்சுற்றோ 100 ஆம்பியரைத் தள்ளுகிறது. மின்னோட்ட அடர்த்தி சதுர செமீக்கு 10⁹ ஆம்பியர்! எந்தச் சால்வரும் இதற்குத் தீர்வு தராது. பரப்புக் காரணியாக 10⁷ கொடுத்தால் அடர்த்தி 100 ஆம்பியருக்கு இறங்கிவரும். டயோடு தனியாக ஓடும்போது குவிந்து, சுற்றோடு சேர்த்தால் மட்டும் நிற்கிறதென்றால் முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்து, தொங்கும் முனைகள். மின்தேக்கிகள் மட்டுமே சேரும் ஒரு சுற்று முனைக்கு டிசியில் தீர்மானமான மின்னழுத்தம் கிடையாது, மேட்ரிக்ஸ் தலைகீழி இல்லாமல் போகும். அந்த முனையிலிருந்து தரைக்கு 10⁹ ஓம் போன்ற ஒரு பெரிய மின்தடையைப் போட்டால் போதும்.

தொடக்கத் தீர்வைப் படிகளாகக் கட்டுங்கள். பூஜ்ய சார்பில் (பயஸ், அதாவது வெளியிலிருந்து கொடுக்கும் மின்னழுத்தம்) பாய்சான் மட்டும், பிறகு மூன்றும் சேர்ந்து, பிறகு சார்பை மெதுவாக ஏற்றி 100 ஆம்பியர். அந்தத் தீர்வைச் சேமித்துக்கொண்டு, டிரான்சியன்ட்டை அங்கிருந்து தொடங்குங்கள். டிரான்சியன்ட்டின் முதல் கணத்தில் சுற்றின் மின்னோட்டங்களும் சேமித்த தீர்வின் மின்னோட்டங்களும் ஒத்துப்போகின்றனவா என்று ஒருமுறை சரிபார்க்க வேண்டும். இண்டக்டரில் தொடக்க மின்னோட்டம் 0 என்றும், அதே கிளையில் டயோடுக்குள் 100 ஆம்பியர் என்றும் இருந்தால், முதல் படியிலேயே அடி விழும்.

டிசி ஏற்றமே முறிவு மின்னழுத்தத்துக்குப் பக்கத்தில் நிற்கிறதா? அந்த ஏற்றத்தையே ஒரு மெதுவான டிரான்சியன்ட்டாக ஓட்டிப் பாருங்கள். ஆயுட்காலத்தைவிடப் பல மடங்கு நீளமான நேரத்தில், உதாரணமாக 1 மில்லிநொடியில், மின்னழுத்தத்தை ஏற்றலாம். காலத்தைச் சார்ந்த உறுப்பு கணக்கை நிலைப்படுத்திவிடும். மின்னோட்டம் ஏற மின்னழுத்தம் திடீரென்று பின்வாங்கும் லாட்ச்-அப், ஸ்னாப்-பேக் போன்ற வளைவுகளுக்கு இந்த உத்தி பல நேரம் கைகொடுக்கும்.

இனி நமது உதாரணத்துக்கே உரிய பொறி. மின்னோட்டச் சரிவை மைக்ரோநொடிக்கு 1000 ஆம்பியராக வைக்க, 800 வோல்ட் மூலத்தோடு 0.8 மைக்ரோஹென்றி இண்டக்டரை நேரே தொடராகக் கோப்பது பாடப்புத்தகச் சுற்று. 100 நானோநொடியில் மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொடும், பின்னோக்கிப் பாயும், உச்சம் போகும். அங்கிருந்து அது அடங்கும் சரிவும் அதே மைக்ரோநொடிக்கு 1000 ஆம்பியர் என்றால், இண்டக்டர் இன்னொரு 800 வோல்ட்டைச் சேர்க்கும். டயோடு மேல் 1600 வோல்ட்! தேங்கிய மின்னூட்டம் திடீரென்று தீர்ந்து மின்னோட்டம் வெடுக்கென்று அறுபட்டால் இன்னும் மோசம். அந்த இடத்தில் கணக்கு நிற்பது சால்வரின் குறையல்ல. டயோடு உண்மையிலேயே, ஊர்திகள் மோதிப் புதிய ஊர்திகளைப் பெருக்கும் அவலாஞ்ச் முறிவுக்குள் போகிறது. உண்மையான மாற்றிச் சுற்றில் சரிவைத் தீர்மானிப்பது எதிர்ப்புறத்து டிரான்சிஸ்டரின் கேட். சுற்றில் எஞ்சுவது 50 முதல் 100 நானோஹென்றி அளவு கம்பித் தூண்டல்தான். 100 நானோஹென்றியில் மைக்ரோநொடிக்கு 5000 ஆம்பியர் வேகத்தில் அறுபட்டாலும் கூடுதல் 500 வோல்ட்தான். சுற்றை உண்மைக்கு நெருக்கமாக வரைந்த உடனேயே குவியும் கணக்குகள் ஏராளம்.

காலப் படியைக் கட்டுப்படுத்துவது

மூலத்தின் மின்னழுத்தம் பூஜ்ய நேரத்தில் தாவக் கூடாது. தாவினால், படியை எவ்வளவு சுருக்கினாலும் தாவலின் அளவு குறையாது. முன்பு சொன்ன நன்மைகள் எதுவும் கிடைக்காது. 10 நானோநொடி ஏற்றம் கொடுங்கள். இந்த உலகத்தில் எந்தச் சுவிட்சும் பூஜ்ய நேரத்தில் திறப்பதில்லை.

அலைவடிவம் முறியும் ஒவ்வொரு மூலையிலும் ஒரு காலப் படி சரியாக வந்து விழ வேண்டும். பல மென்பொருள்களில் இந்த நேரங்களைப் பட்டியலாகக் கொடுக்கலாம். மூலையைத் தாண்டிய உடனே படியைப் பிக்கோநொடி அளவுக்கு இறக்கி, அங்கிருந்து வளர விடுங்கள். வளர்ச்சிக் காரணி 2 என்றால் படி பேராசையோடு வளர்ந்து, தோற்று, பாதியாகி, மறுபடி வளர்ந்து தோற்கும். 1.3 அல்லது 1.4 வைத்தால் படிகள் அதிகமானாலும் மொத்த நேரம் பெரும்பாலும் குறையும். 10 நானோநொடி ஏற்றத்துக்குள் 30 படிகளாவது விழும்படி அதிகபட்சப் படியை வையுங்கள். முந்தைய இரண்டு தீர்வுகளிலிருந்து அடுத்ததை ஊகிக்கும் எக்ஸ்ட்ராபொலேஷன் நேரான இடங்களில் உதவும், மூலைகளில் ஏமாற்றும்.

எந்த முறையில் காலத்தைத் தொகையிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். பேக்வர்ட் ஆய்லர் உறுதியானது, ஆனால் முதல் வரிசைத் துல்லியம்தான், அலைவுகளை அமுக்கிவிடும். டிரபிசாய்டல் இரண்டாம் வரிசை. ஆனால் திடீர் மாற்றத்துக்குப் பிறகு ஒவ்வொரு படிக்கும் குறி மாறும் பொய்யான ஆட்டம் வரும். இரண்டையும் இணைத்த டிஆர்-பிடிஎஃப்2 முறையைப் பேங்க், ரோஸ், ஃபிக்ட்னர் உள்ளிட்ட குழு 1985-இல் சாதனக் கணக்குகளுக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் வரிசைத் துல்லியம், வேகமான குலைவுகளை அமுக்கும் தன்மை இரண்டும் அதில் உண்டு. சந்தேகம் இருந்தால் அதில் தொடங்குங்கள்.

ரெக்கவரியின் முடிவில் மின்னோட்டம் ஆடுகிறதா? காலப் படியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். ஆட்டத்தின் காலமும் பாதியானால் அது எண்ணின் விளையாட்டு. மாறாமல் இருந்தால் அது இண்டக்டரும் டயோடின் மின்தேக்குதிறனும் சேர்ந்து ஆடும் உண்மையான ஆட்டம். அதைப் பேக்வர்ட் ஆய்லரால் அமுக்கிவிட்டு, டயோடு மிருதுவாக அடைபடுகிறது என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள்.

மெஷ்

சந்தியில் நெருக்கமாகவும் மற்ற இடங்களில் தளர்வாகவும் மெஷ் போடுவது டிசிக்குப் போதும். டிரான்சியன்ட்டில் போதாது. ரெக்கவரியின்போது, ஊர்திகள் நீங்கிய டிப்ளீஷன் பகுதியின் விளிம்பு சந்தியிலிருந்து கிளம்பி, 800 வோல்ட்டில் ஏறக்குறைய 100 மைக்ரோமீட்டர்வரை டிரிஃப்ட் பகுதி முழுவதையும் துடைத்துக்கொண்டு போகிறது. 10¹⁴ டோப்பிங்கில், மின்னூட்டக் குலைவு மறைந்துபோகும் தூரமான டெபாய் நீளம் 0.4 மைக்ரோமீட்டர். மெஷ் இடைவெளி 5 மைக்ரோமீட்டர் என்றால், விளிம்பு ஒவ்வொரு புள்ளியைக் கடக்கும்போதும் மின்னோட்டத்தில் ஒரு மேடு விழும், காலப் படியும் அங்கே சுருங்கும். மேடுகளின் எண்ணிக்கை விளிம்பு கடந்த மெஷ் புள்ளிகளின் எண்ணிக்கையோடு ஒத்துப்போனால் வேறு சாட்சி தேவையில்லை. டிரிஃப்ட் பகுதி முழுவதும் 1 மைக்ரோமீட்டருக்குக் கீழே கொண்டுவாருங்கள். அடுத்தடுத்த இடைவெளிகள் ஒன்றரை மடங்குக்கு மேல் தாவ வேண்டாம். விரிகோண முக்கோணங்களையும் தவிர்க்க வேண்டும். டெலானே நிபந்தனை (எந்த முக்கோணத்தின் சுற்றுவட்டத்துக்குள்ளும் வேறு புள்ளி இருக்கக் கூடாது) உடைந்த இடத்தில் அடர்த்தி எதிர்மறையாகப் போகக்கூடும்.

இருபரிமாணத்தில் தலையை உடைத்துக்கொள்வதற்கு முன், அதே டயோடை ஒருபரிமாணத் துண்டாக ஓட்டிவிடுங்கள். சீக்கிரம் முடிந்துவிடும். அதில் குவிந்தால் கோளாறு மெஷ்ஷிலோ விளிம்பு அமைப்பிலோ. அதிலும் நின்றால் சுற்றிலோ மாதிரியிலோ. கையில் வணிக உரிமம் இல்லாதவர்கள் இதைத் திறந்த மூலமான டெவ்சிம்மில் பைத்தான் வழியே செய்து பார்க்கலாம்.

மாதிரிகளும் எண் துல்லியமும்

எல்லா மாதிரிகளையும் அணைத்துவிட்டு, மாறாத மொபிலிட்டியும் (ஊர்திகள் நகரும் எளிமை) எஸ்ஆர்எச் மறுசேர்க்கையும் (படிகக் குறைபாடுகள் வழியே எலக்ட்ரானும் துளையும் சேர்வது) மட்டும் வைத்து ஓட்டுங்கள். ஓடினால் ஒவ்வொன்றாகச் சேருங்கள்: ஓஜே மறுசேர்க்கை (மூன்று ஊர்திகள் பங்குபெறுவது), அடர்த்தியைச் சார்ந்த மொபிலிட்டி, அதிபுலத் திசைவேக வரம்பு, கடைசியாக அவலாஞ்ச். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் அவலாஞ்ச்தான். அதன் வகைக்கெழுக்களை ஜேக்கோபியனில் சேர்க்கும் தெரிவு இருந்தால் போட்டுவிடுங்கள். அவலாஞ்சின் உந்துவிசையைக் குவாசி-ஃபெர்மி மட்டத்தின் (ஊர்தி அடர்த்தியைக் குறிக்கும் ஆற்றல் மட்டம்) சரிவிலிருந்து எடுக்கும்போது, ஊர்திகளே இல்லாத இடங்களில் அந்தச் சரிவு வெறும் இரைச்சலாக இருக்கும். அங்கே மின்புலத்துக்கு மாறும்படி ஒரு குறிப்பு அடர்த்தி கொடுக்கலாம்.

பிழை ஒரு தளத்தில் தேங்கும் நோய்க்கும் காரணம் ஏறக்குறைய இதுவே. டிப்ளீஷன் பகுதியில் கன செமீக்கு ஒரு எலக்ட்ரான்கூட இல்லாத இடத்தில் 10⁻⁵ ஒப்பீட்டுத் துல்லியம் கேட்பதில் பொருளில்லை. பிழையை எந்த அடர்த்திக்குக் கீழே பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லும் குறிப்பு மதிப்பு இருக்கும். நமது டயோடில் 10¹⁰ செமீ⁻³ நியாயமானது. பிழை வரம்பைத் தளர்த்துவதும் இதுவும் ஒன்றல்ல. வரம்பைத் தளர்த்தினால் எல்லா இடத்திலும் துல்லியம் போகும். இங்கே தேவையில்லாத இடத்தில் மட்டும் போகிறது.

சிலிக்கான் கார்பைடுக்குப் போனால் கதை வேறு. அறை வெப்பநிலையில் அதன் உள்ளார்ந்த ஊர்தி அடர்த்தி 10⁻⁸ செமீ⁻³ அளவு. சிலிக்கானில் அது 10¹⁰. சிறுபான்மை ஊர்தி அடர்த்தி 10⁻³⁰-க்கும் கீழே போய்விடும், பதினாறு இலக்கத் துல்லியம் திணறும். அங்கே 80 அல்லது 128 பிட் துல்லியத்தில் ஓட்டுவதைத் தவிர வேறு வழி பல சமயம் இருக்காது. மெதுவாகத்தான் ஓடும்.

சால்வரைப் பொறுத்தவரை, இருபரிமாணத்துக்கு நேரடி முறை. முப்பரிமாணத்தில் நினைவகம் போதாமல் சுழற்சி முறைக்குப் போனால், உள்சுழற்சி குவியாமல் போவதும் நியூட்டன் குவியாமல் போவதும் லாக்கில் ஒன்றுபோலத் தெரியும். மெஷ்ஷைத் தளர்த்தி நேரடி முறையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

குவிந்தது, சரியா?

மின்னணுச் சில்லின் மேல் கனமான அயனி ஒன்று மோதுவதைக் கணக்கிடுகிறீர்கள் என்று வையுங்கள். மின்னூட்டம் சில பிக்கோநொடி அகலமுள்ள காஸியன் துடிப்பாக உருவாகிறது. அதிகபட்சப் படி 1 நானோநொடி என்றால் கணக்கு அந்தத் துடிப்பைத் தாண்டிக் குதித்துவிடும். எந்த எச்சரிக்கையும் வராது, அழகாகக் குவியும், மின்னோட்டம் பூஜ்யம். நிற்கிற கணக்கைவிட இது ஆபத்தானது.

ஆகவே நமது டயோடுக்கு இரண்டு சோதனைகள். எல்லா முனைகளின் மின்னோட்டங்களையும், இடப்பெயர்ச்சி மின்னோட்டம் உட்பட, ஒவ்வொரு கணத்திலும் கூட்டுங்கள். பூஜ்யத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிழை வரம்பு தளர்வாக இருக்கிறது. அடுத்து, பின்னோக்கிய மின்னோட்டத்தைக் காலத்தோடு தொகையிட்டு வெளிவந்த மின்னூட்டத்தைக் கணக்கிடுங்கள். தொடக்கத்தில் தேங்கியிருந்தது மின்னோட்டம் பெருக்கல் ஆயுட்காலம், அதாவது 100 மைக்ரோகூலும். வெளிவந்தது அதைவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும், ஒரு பங்கு உள்ளேயே மறுசேர்ந்துவிடும். 130 வந்தால் எங்கோ தவறு: பரப்புக் காரணி, அல்லது அவலாஞ்சில் புதிதாக உருவாகும் ஊர்திகள். இரண்டும் சரியாக வந்த பிறகு, காலப் படியையும் மெஷ் இடைவெளியையும் தனித்தனியே பாதியாக்கி ஓட்டி, உச்ச மின்னோட்டம் எத்தனை சதவீதம் நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சதவீதத்தை வரைபடத்தின் கீழேயே எழுதிவைத்தால், பிறகு வந்து கேட்பவருக்குப் பதில் தயாராக இருக்கும்.